பின்னத்தைப் பின்னத்தால வகுக்கிறது எப்படி? திரும்பத் திரும்பக் கேக்குற கேள்விங்களும் பதிலும்

கோலாலம்பூர் செந்தூல்ல வீட்டிலேயே டியூஷன் எடுக்கிறேன், பெரும்பாலும் ஆறாம் ஆண்டு, ஃபார்ம் 1 (இடைநிலைப் பள்ளி மொதல் வருசம்) பிள்ளைங்க. பின்னம் பாடம் வந்துட்டா போதும், ராத்திரி பத்து மணிக்கு மேல வாட்சாப்ல நோட்டு போட்டோ வர ஆரம்பிச்சிரும், கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜும். கேக்குற ஆளுங்க மாறுறாங்க, கேள்வி மட்டும் மாறவே இல்ல. அதனால எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதிட்டேன், அவங்க கேட்ட மாதிரியே கேள்விய போட்டிருக்கேன். மேல இருந்து வரிசையா படிச்சா நல்லது, ஏன்னா மேல சொன்னத கீழ திரும்ப சொல்லல.

பள்ளிப் புத்தகத்துல தொகுதி, பகுதின்னு இருக்கும். நான் மேல் எண், கீழ் எண்ணுனே எழுதுறேன், பிள்ளைங்களுக்கு அதான் டக்குனு ஏறுது.

டீச்சர், 3/4ஐ 1/8ஆல வகுன்னா அதுக்கு என்னதான் அர்த்தம்? எட்டுல ஒரு ஆளுக்கு எப்படி பங்கு போடுறது?

பங்கு போடுறதுன்னு நெனச்சா இந்த இடத்துல மாட்டிக்குவீங்க, எட்டுல ஒரு ஆள்னு யாரும் கிடையாது. 'இதுல அது எத்தனை இருக்கு'ன்னு கேளுங்க. 12ஐ 3ஆல வகுன்னா 12க்குள்ள எத்தனை 3 இருக்குன்னு பாக்குறோம், 4. அதே கேள்விதான் இங்கயும்: முக்காலுக்குள்ள எத்தனை அரைக்கால் இருக்கு? ஒண்ணுல 8 அரைக்கால், அரையில 4, கால்ல 2. அப்ப முக்கால்ல 6. அவ்வளவுதான், 3/4 ÷ 1/8 = 6.

வீட்டுல பெரியவங்க இருந்தா அவங்ககிட்ட கேட்டுப் பாருங்க, பேப்பர் பேனா இல்லாம சொல்லிருவாங்க. பினாங்குல என் மாமியார் மார்க்கெட்ல இன்னும் காட்டி, தாஹில்னு பழைய எடைக் கணக்குலதான் பேசுவாங்க, 16 தாஹில் ஒரு காட்டி. முக்கால் காட்டி எத்தனை தாஹில்னா 3/4 ÷ 1/16, அவங்க 12ன்னு சொல்லி முடிச்சிட்டு அடுத்த கடைக்குப் போயிருவாங்க.

விளக்கமெல்லாம் அப்புறம் டீச்சர், நாளைக்கு டெஸ்ட், வழிய மட்டும் சொல்லுங்க

சரி. மொதல் பின்னத்தத் தொடாதீங்க. வகுத்தல் குறிய பெருக்கல் குறியா மாத்துங்க. ரெண்டாவது பின்னத்த தலைகீழாத் திருப்புங்க. இப்ப மேலயும் மேலயும் பெருக்கு, கீழயும் கீழயும் பெருக்கு, சுருக்க முடிஞ்சா சுருக்கு. 1½ மாதிரி கலப்புப் பின்னம் இருந்தா இதெல்லாம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே தகாப் பின்னமா, அதாவது 3/2 மாதிரி மேல் எண் பெருசா இருக்கிற பின்னமா மாத்திரணும்.

2/3 ÷ 4/9 எடுத்துக்குவோம். 2/3 × 9/4 = 18/12, சுருக்கினா 3/2, அதாவது 1½. டெஸ்ட் முடிஞ்சு வந்து மிச்சத்தையும் படிங்க, இத மட்டும் வெச்சிக்கிட்டு ரெண்டு வாரம்தான் தாங்கும்.

எதத் திருப்பணும்? என் மகன் ஒரு நாள் மொதல்ல உள்ளதத் திருப்புறான், ஒரு நாள் ரெண்டாவதத் திருப்புறான்

எப்பவும் ரெண்டாவது. வகுத்தல் குறிக்கு வலது பக்கம் இருக்கிறது, 'எதால வகுக்கிறோமோ' அது. நான் பிள்ளைங்கள அந்தப் பின்னத்தச் சுத்தி மொதல்ல பென்சில்ல ஒரு வட்டம் போடச் சொல்லுவேன், வட்டத்துக்குள்ள இருக்கிறதத்தான் திருப்பணும், வெளிய இருக்கிறதுல கை வைக்கக்கூடாது.

தப்பா மொதல்ல உள்ளதத் திருப்பிட்டா என்ன ஆகும்னு தெரிஞ்சிக்கிறது நல்லது. மேல பாத்த அதே கணக்கு: 3/2 × 4/9 = 12/18 = 2/3. சரியான விடை 3/2, இவனுக்கு வந்தது 2/3. அதாவது விடையே தலைகீழா வந்திருக்கு. எப்பவுமே இப்படித்தான் வரும். விடைப் பக்கத்துல உள்ளதும் உங்க பிள்ளையோட விடையும் ஒண்ணுக்கொண்ணு தலைகீழா இருந்தா, வாய்பாடு தப்பில்ல, பெருக்கல் தப்பில்ல, தப்பான பின்னத்தத் திருப்பிருக்கான், அவ்வளவுதான். முழுக் கணக்கையும் அழிச்சிட்டு திட்ட வேணாம்.

வகுத்தா சின்னதாதானே ஆகணும்? எப்படி பெருசாகுது? இது என்ன கணக்கு லா?

20 ரிங்கிட் நோட்ட 50 சென் காசா மாத்துறீங்க. எத்தனை காசு கிடைக்கும்? 40. அதத்தான் 20 ÷ 1/2 = 40ன்னு எழுதுறோம். உங்க பணம் 40 ரிங்கிட்டா ஆகல, அந்த 40 காசோட எண்ணிக்கை. சின்னச் சின்னதா அளந்தா நிறைய தடவை அளக்க வேண்டி வரும், அதனால எண் பெருசாத் தெரியுது.

'வகுத்தா சின்னதாகும்'ங்கிறது மூணாம் ஆண்டு நாலாம் ஆண்டுல முழு எண்ண வெச்சே பழகினதால மனசுல ஒட்டிக்கிட்டது. உண்மை இதுதான்: 1ஐ விடச் சின்னதால வகுத்தா விடை பெருசாகும், 1ஆல வகுத்தா அப்படியே இருக்கும், 1ஐ விடப் பெருசால வகுத்தாத்தான் சின்னதாகும். கணக்கு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே விடை பெருசா வரப்போகுதா சின்னதா வரப்போகுதான்னு பிள்ளைய வாயால சொல்ல வைங்க. என்னைக் கேட்டா திருப்புற ரூலை விட இந்த ஒரு பழக்கம்தான் முக்கியம், திருப்பத் தெரிஞ்ச பிள்ளைங்க ஏகப்பட்டது, வந்த விடைய சந்தேகப்படத் தெரிஞ்ச பிள்ளைங்கதான் குறைச்சல்.

ஏன் திருப்பணும்னு கேட்டா "அது ரூல், மனப்பாடம் பண்ணு"ன்னு சொல்லிட்டாங்களாம். நெஜமாவே காரணம் இல்லையா?

இருக்கு, நல்லாவே இருக்கு. ஒரு டின்ல 3/4 கிலோ மாவு பிடிக்கும்னு வைங்க. 1 கிலோ மாவு எத்தனை டின் வரும்? 1 கிலோவக் கால் கிலோ, கால் கிலோவாப் பிரிங்க, 4 கால் இருக்கு. ஒரு டின்னுக்கு 3 கால் வேணும். 4 கால மூணு மூணா சேத்தா 4/3 டின்: ஒரு டின் முழுசா நிறைஞ்சு, அடுத்த டின்ல மூணுல ஒரு பங்கு. இப்ப பாருங்க, டின் அளவு 3/4, ஒரு கிலோவுக்கு வந்த டின் 4/3. நம்ம யாரும் எதையும் திருப்பல, தானாத் திரும்பிருச்சு. கிலோவ நாலா உடைச்சதால 4 மேல வந்துச்சு, மூணு மூணா சேத்ததால 3 கீழ போச்சு.

1 கிலோவுக்கு 4/3 டின்னு தெரிஞ்சதுக்கப்புறம் மிச்சமெல்லாம் வெறும் பெருக்கல். 6 கிலோவுக்கு 6 × 4/3 = 8 டின். அரைக் கிலோவுக்கு 1/2 × 4/3 = 2/3 டின், அதாவது ஒரு டின்கூட நிறையல. 5/8 கிலோவுக்கு 5/8 × 4/3. திருப்புறதுங்கிறது 'ஒண்ணுக்கு எத்தனை'ன்னு கண்டுபிடிக்கிறது, பெருக்குறதுங்கிறது 'அப்ப நம்மகிட்ட இருக்கிறதுக்கு எத்தனை'ன்னு கண்டுபிடிக்கிறது.

பெரிய பிள்ளைங்களுக்கு இன்னொரு வழியிலயும் காட்டலாம். 6 ÷ 2வும் 60 ÷ 20யும் ஒரே விடைதான், ரெண்டு பக்கத்தையும் ஒரே எண்ணால பெருக்கினா வகுத்தல் மாறாது. அப்ப 2/3 ÷ 4/9ல ரெண்டையும் 9/4ஆல பெருக்குங்க. வலது பக்கம் 4/9 × 9/4 = 1 ஆயிரும், இடது பக்கம் 2/3 × 9/4. 1ஆல வகுக்கிறதும் ஒண்ணுதான் சும்மா விடுறதும் ஒண்ணுதான், அதனால மிஞ்சுறது 2/3 × 9/4.

திருப்பாமலே செய்ய வழி இருக்கா? எம் பொண்ணுக்கு திருப்புறதுன்னாலே குழப்பம்

இருக்கு. கூட்டல் கழித்தல்ல செய்ற மாதிரி கீழ் எண்ணச் சமமாக்கிருங்க. 2/3 ÷ 4/9ல 2/3ஐ 6/9ஆ மாத்தினா 6/9 ÷ 4/9. ரெண்டுமே ஒன்பதுல பங்குதான், அப்ப '6ல எத்தனை 4'ன்னு கேட்டாப் போதும், 6 ÷ 4 = 1½. கீழ் எண்ண மறந்துரலாம், விடையில அது வராது. மொதல் கேள்வியில சொன்ன 'எத்தனை இருக்கு'ங்கிறது இந்த வழியிலதான் கண்ணுக்கு நேரா தெரியும், அதனால புதுசா கத்துக்கிற பிள்ளைக்கு நான் இதத்தான் மொதல்ல சொல்லித் தருவேன். கீழ் எண் 17ம் 23ம் மாதிரி வந்தாதான் கை வலிக்கும், அங்க திருப்புறதுதான் வேகம்.

என் மகள் மேல் எண்ண மேல் எண்ணால வகுத்து, கீழ் எண்ண கீழ் எண்ணால வகுத்துட்டா. விடை சரியா வந்திருக்கு! குருட்டு அதிர்ஷ்டமா?

அதிர்ஷ்டம் இல்ல, அது சரியான வழிதான். 8/15 ÷ 2/5 கணக்குல 8 ÷ 2 = 4, 15 ÷ 5 = 3, விடை 4/3. திருப்பிச் செஞ்சு பாருங்க, 8/15 × 5/2 = 40/30 = 4/3. பெருக்கும்போது மேலயும் மேலயும் கீழயும் கீழயும் பெருக்குறோம்ல, அத அப்படியே பின்னாடி ஓட்டினா இதான் வரும். தயவு செஞ்சு சிவப்புப் பேனாவால அடிக்காதீங்க.

தொல்லை எங்கன்னா, எல்லா நேரமும் சரியா வகுபடாது. 3/4 ÷ 2/5ல 3 ÷ 2 ஒன்றரை, 4 ÷ 5 புள்ளி எட்டு, மேல 1.5 கீழ 0.8ன்னு நிக்கும். அதுவும் தப்பில்ல, மேலயும் கீழயும் 10ஆல பெருக்கினா 15/8, அதான் சரியான விடையும். ஆனா பரீட்சையில இத எழுதினா திருத்துறவங்க வழி புரியாம மார்க் குறைக்கலாம், அதனால நேரா வகுபட்டா மட்டும் இந்த வழி, இல்லாட்டி திருப்புற வழி.

ஒண்ணு முழு எண்ணா இருந்தா என்ன பண்றது?

அதுக்குக் கீழ 1 போடுங்க. 5 ÷ 2/3 = 5/1 × 3/2 = 15/2 = 7½. 2/3 ÷ 5 = 2/3 × 1/5 = 2/15. ரெண்டாவதுல 5ஐத் திருப்பினா 1/5ங்கிறதத்தான் நிறைய பேர் மறந்துட்டு 10/3ன்னு எழுதிருவாங்க. 2/3ஐ அஞ்சு பேருக்குப் பங்கு போட்டா ஆளுக்கு மூணு வருமா?

கலப்புப் பின்னத்த தகாப் பின்னமா மாத்தாம, முழுசு தனியா பின்னம் தனியா வகுக்கக்கூடாதா? கூட்டல்ல அப்படித்தானே செய்றோம்

4½ ÷ 1½ எடுத்துக்குங்க. 4 ÷ 1 = 4, 1/2 ÷ 1/2 = 1, கூட்டி 5ன்னு எழுதுற பிள்ளைங்க வருசா வருசம் வருவாங்க. ஒன்றரைய அஞ்சு தடவை கூட்டிப் பாருங்க, ஏழரை. நாலரைக்கு எங்க போச்சு? சரியான விடை 9/2 × 2/3 = 3.

ஆனா ஒண்ணு. இடது பக்கத்த மட்டும் உடைக்கலாம், அது தப்பே இல்ல. 4½ ÷ 1/2ன்னா நாலுல 8 அரை, அரையில 1 அரை, மொத்தம் 9. மனக்கணக்குக்கு அருமையான வழி. வலது பக்கத்த, அதாவது வகுக்கிற பின்னத்தத்தான் உடைக்கக் கூடாது, ஏன்னா அது ஒரே அளவுக் கரண்டி, ஒன்றரைக் கரண்டிய ஒண்ணாவும் அரையாவும் வெட்டிட்டு ஒவ்வொண்ணாலயும் அளந்தா அது வேற கணக்கு.

கேன்சல் எப்ப பண்ணலாம்? திருப்புறதுக்கு முன்னாடியா பின்னாடியா?

பின்னாடி. திருப்பி, பெருக்கல் குறி போட்டதுக்கப்புறம்தான் குறுக்க அடிக்கணும். 4/5 ÷ 3/8ல திருப்பாமலே 4ஐயும் 8ஐயும் குறுக்க அடிச்சா 1/5 ÷ 3/2ன்னு ஆகி விடை 2/15ன்னு வரும். உண்மையில 4/5 × 8/3 = 32/15, அதாவது ரெண்டும் சொச்சமும். திருப்பினதுக்கப்புறம் 4ம் 8ம் ரெண்டுமே மேல நிக்குது, அதுங்கள அடிக்கவே முடியாது. இத 'விடை பெருசா சின்னதா' பழக்கம் இருந்தாலே பிடிச்சிருக்கலாம்: 3/8 ஒண்ண விடச் சின்னது, விடை 4/5ஐ விடப் பெருசா வரணும், 2/15 எப்படி சரியா இருக்கும்?

வாக்கியக் கணக்குல எத முன்னாடி போடுறது? பாதி நேரம் மாத்திப் போட்டுட்டு வர்றான்

இதான் நெஜமான கஷ்டம், வகுக்கிறது இல்ல. தண்ணி வெட்டு முடிஞ்சு திரும்ப வருது, 3/4 மணி நேரத்துல டேங்கியில 3/5 நிறையுதுன்னு ஒரு கணக்கு. இதுல ரெண்டு கேள்வி கேக்கலாம். முழு டேங்கி நிறைய எவ்வளவு நேரம்? ஒரு மணி நேரத்துல எவ்வளவு நிறையும்? ரெண்டுலயும் எண்ணு அதேதான், வரிசைதான் வேற.

'ஒரு' எதுக்கு முன்னாடி வருதுன்னு தேடுங்க, அதுதான் வலது பக்கம் போகும். 'ஒரு டேங்கிக்கு எவ்வளவு நேரம்'னா டேங்கி வலது பக்கம்: 3/4 ÷ 3/5 = 3/4 × 5/3 = 5/4, ஒண்ணேகால் மணி நேரம். 'ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு டேங்கி'னா நேரம் வலது பக்கம்: 3/5 ÷ 3/4 = 3/5 × 4/3 = 4/5 டேங்கி. 5/4ம் 4/5ம் தலைகீழ்னு கவனிச்சீங்களா, மூணாவது கேள்வியில சொன்ன அதே சங்கதிதான், மாத்திப் போட்டா விடை தலைகீழாகும். பொருத்தமா இருக்கான்னும் யோசிக்கச் சொல்லுங்க: முக்கால் மணியில முழுசா நிறையல, அப்ப முழுசா நிறைய முக்கால் மணிக்கு மேலதான் ஆகணும்.

"3/4ஐப் பாதியாக்கு", "3/4ஐ 1/2ஆல வகு" ரெண்டும் ஒண்ணுதானே?

இல்லவே இல்ல. பாதியாக்குன்னா 2ஆல வகுக்கிறது, இல்லன்னா 1/2ஆல பெருக்குறது, 3/8. அரையால வகுன்னா முக்கால்ல எத்தனை அரை இருக்குன்னு பாக்குறது, 1½. பெரியவங்களே சொதப்புற இடம் இது, வாய்ல சொல்லும்போது ரெண்டும் ஒரே மாதிரி கேக்கும்.

விடை 7⅓ வந்துச்சு, மிச்சம் 1/3 லிட்டர்னு எழுதினான், தப்புன்னு போட்டுட்டாங்க. ஏன் தப்பு?

இந்தக் கணக்கு எனக்கு ரொம்பப் பிடிக்கும், பொறுமையா பாப்போம். 5½ லிட்டர் சிராப் பண்டுங் (பால் கலந்த ரோஸ் சிராப் தண்ணி) கலக்கி 3/4 லிட்டர் பாட்டில்ல ஊத்துறாங்க. 11/2 ÷ 3/4 = 11/2 × 4/3 = 44/6 = 22/3 = 7⅓. இது வரைக்கும் எல்லாம் சரி.

இப்ப அந்த 1/3 என்னது? லிட்டரா? நாம கேட்ட கேள்வி 'எத்தனை பாட்டில்', அப்ப வந்த விடையும் பாட்டில்தான். 7 பாட்டிலும், ஒரு பாட்டில்ல மூணுல ஒரு பங்கும். எத்தனை லிட்டர் மிச்சம்னா 3/4ல 1/3, அதாவது 1/4 லிட்டர். ஊத்திப் பாருங்க: 7 பாட்டில்ல 7 × 3/4 = 21/4 = 5¼ லிட்டர் போச்சு, 5½ல மிச்சம் கால் லிட்டர். சரியா வருது. கால் லிட்டர், முக்கால் லிட்டர் பாட்டில்ல மூணுல ஒண்ணு. ரெண்டும் ஒரே சிராப்தான், அளக்குற அளவு வேற.

அதனால கடைசி வரிய நல்லாப் படிக்கணும். எத்தனை பாட்டில் முழுசா நிறையும்னா 7. எல்லாத்தையும் ஊத்த எத்தனை பாட்டில் வேணும்னா 8. எவ்வளவு லிட்டர் மிஞ்சும்னா 1/4. மூணுக்கும் வகுத்தல் ஒண்ணுதான், விடை மூணு.

விடை சரியான்னு எப்படி சரிபாக்குறது? விடைப் பக்கம் கிழிஞ்சு போச்சு

வந்த விடைய வகுத்த பின்னத்தால பெருக்குங்க, மொதல் பின்னம் திரும்ப வரணும். 2/3 ÷ 4/9 = 3/2ன்னா 3/2 × 4/9 = 12/18 = 2/3, வந்துருச்சு. நேரம் இல்லன்னா பெருசா சின்னதா மட்டுமாவது பாருங்க.

ரெண்டு மூணு வகுத்தல் குறி வரிசையா வந்தா?

இடது பக்கத்துல இருந்து ஒவ்வொண்ணா. 1/2 ÷ 1/2 ÷ 1/2ன்னா மொதல் ரெண்டும் சேந்து 1, அப்புறம் 1 ÷ 1/2 = 2. 1/2 ÷ 1/4 × 1/3ல பெருக்கல்தான் மொதல்லன்னு சில பிள்ளைங்க 1/4 × 1/3 = 1/12ன்னு செஞ்சு 6ன்னு விடை கொண்டு வருவாங்க. பெருக்கலுக்கும் வகுத்தலுக்கும் ஒரே மரியாதை, யார் முன்னாடி நிக்கிறாங்களோ அவங்கதான் மொதல்ல. 1/2 ÷ 1/4 = 2, அத 1/3ஆல பெருக்கினா 2/3. குறுக்கு வழி வேணும்னா, எந்தப் பின்னத்துக்கு நேர் இடது பக்கம் வகுத்தல் குறி இருக்கோ அத மட்டும் திருப்பிட்டு மொத்தத்தையும் பெருக்கிருங்க.

பின்னத்துக்குள்ள பின்னம், மாடி மேல மாடி மாதிரி எழுதிருக்காங்க. எங்க ஆரம்பிக்கிறது?

நீளமான கோட்டத் தேடுங்க, அதுதான் வகுத்தல் குறி. கோட்டுக்கு மேல இருக்கிறது மொத்தமும் மொதல் பின்னம், கீழ இருக்கிறது மொத்தமும் ரெண்டாவது. 2, 3, 4 மூணும் மேலிருந்து கீழ அடுக்கி இருக்குன்னு வைங்க. நீளக் கோடு 2க்குக் கீழ இருந்தா 2 ÷ 3/4 = 8/3. நீளக் கோடு 3க்குக் கீழ இருந்தா 2/3 ÷ 4 = 1/6. பிள்ளைங்க நோட்டுல ரெண்டு கோட்டையும் ஒரே நீளத்துல போட்டுட்டு அடுத்த வரியில அவங்களே குழம்புவாங்க, அதனால ரூலர் வெச்சு நீளக் கோட்ட நெஜமாவே நீளமாப் போடச் சொல்லுங்க.

அண்ணனோட கேசியோ கால்குலேட்டர்ல போட்டா வேற விடை வருது, மெஷின் கெட்டுப் போச்சா?

மெஷின் நல்லாதான் இருக்கும். 3/4 ÷ 1/8க்கு 3 ÷ 4 ÷ 1 ÷ 8ன்னு தட்டிருப்பாங்க, அது இடமிருந்து வலமா போயி 0.09375ன்னு, அதாவது 3/32ன்னு காட்டும். ரெண்டு பின்னத்துக்கும் அடைப்புக்குறி போடுங்க, 6 வந்துரும். எஸ்பிஎம் (ஃபார்ம் 5 அரசாங்கப் பரீட்சை) எழுதுற பிள்ளைங்ககிட்ட இருக்கிற எஃப்எக்ஸ் 570 மாதிரி மாடல்ல பின்னத்துக்குன்னே தனி பட்டன் இருக்கு, அதுல போட்டா அடைப்புக்குறி தேவையில்ல. ஆறாம் ஆண்டுக்குக் கால்குலேட்டர் வேணவே வேணாம்னு நான் சொல்லுவேன், சரிபாக்குறதுக்குக் கூட மேல சொன்ன பெருக்கல் போதும்.

பூஜ்யம் வந்தா?

மொதல்ல வந்தா பிரச்சினை இல்ல, 0 ÷ 2/3 = 0. ரெண்டாவதா வந்தா செய்யவே முடியாது. 2/3க்குள்ள எத்தனை 0 இருக்கு? எத்தனை போட்டாலும் நிறையாது. 0ஐ 0/5ன்னு எழுதித் திருப்பினாலும் 5/0ன்னு வரும், கீழ் எண் 0ஆ இருக்கிற பின்னமே கிடையாது.

இந்தத் திருப்புற வேலையக் கண்டுபிடிச்ச புண்ணியவான் யாரு?

ஒரே ஆள்னு சொல்ல முடியாது. நம்ம பக்கத்துல மகாவீரர்னு ஒரு சமணக் கணித அறிஞர், ராஷ்டிரகூட அரசர் அமோகவர்ஷர் காலத்துல, சுமார் 850ல, வகுக்கிற பின்னத்தோட கீழ் எண்ண மேல் எண்ணாக்கிட்டு அப்புறம் பெருக்கல் மாதிரியே செய்யுன்னு சம்ஸ்கிருதத்துல தெளிவா எழுதி வெச்சிட்டார். அவருக்கு முன்னாடி 628லயே பிரம்மகுப்தர் பின்னக் கணக்குக்கு விதிங்க எழுதிருக்கார். பழங்காலச் சீனாவுல கீழ் எண்ணச் சமமாக்கி வகுக்கிற வழி இருந்துச்சு, மேல திருப்பாம செஞ்சோமே, அதேதான். நம்ம தமிழ்ல காலு, அரைக்கால், மாகாணி, அதுக்கும் கீழ 320ல ஒரு பங்கு முந்திரின்னு பேர் வெச்சு வாய்பாடாவே மனப்பாடம் பண்ணிருக்காங்க. மாகாணின்னா 16ல ஒரு பங்கு, ஒரு காட்டியில ஒரு தாஹில் மாதிரி.

ஃபார்ம் 1 போனதும் எல்லாம் மலாய்ல, மைனஸ் வேற சேந்துருச்சு. திரும்ப மொதல்ல இருந்து படிக்கணுமா?

வேணாம், கணக்கு அதேதான். பின்னம் பெச்சாஹான், மேல் எண் பெங்ஙாங்கா, கீழ் எண் பெஞெபுட், வகுத்தல் பஹாகி, பெருக்கல் டாராப், இந்த அஞ்சும் போதும் ஆரம்பிக்க. ஆறாம் ஆண்டு அரசாங்கப் பரீட்சையான யுபிஎஸ்ஆர் 2021ல எடுத்தாச்சு, அதுக்கப்புறம் ஆறாம் ஆண்டுல இத அழுத்திக் கேக்க பெரிய பரீட்சைன்னு ஒண்ணு இல்ல, அதனால பல பேருக்கு ஓட்டை இங்க வந்துதான் தெரியுது. ஆறாம் ஆண்டு புத்தகத்த டிசம்பர் லீவுல தூக்கிப் போட்டுராதீங்க.

மைனஸுக்கு ஒண்ணே ஒண்ணு: திருப்பும்போது குறி மாறாது. -2/3ஐத் திருப்பினா -3/2, பிளஸ் 3/2 இல்ல. மேல கீழ இடம் மாறுதுன்னா மைனஸும் மாறும்னு எப்படியோ மனசுல போயிருது. குறிய மொதல்லயே தனியா முடிவு பண்ணிருங்க, ஒரு மைனஸ் இருந்தா விடை மைனஸ், ரெண்டு இருந்தா பிளஸ், அப்புறம் மைனஸே இல்லாத மாதிரி வகுங்க. -3/4 ÷ 1/2 = -3/2.

எழுத்து வந்தா? எக்ஸ் கீழ 3, வகுத்தல், எக்ஸ் கீழ 6. இதுக்கு விடை வெறும் 2ன்னு போட்டிருக்கு, எக்ஸ் எங்க போச்சு?

அதே வழிதான்: எக்ஸ்/3 × 6/எக்ஸ். மேல ஒரு எக்ஸ், கீழ ஒரு எக்ஸ், அடிபட்டுப் போச்சு, 6/3 = 2. எக்ஸ் எதுவா இருந்தாலும் மூணுல ஒரு பங்கு, ஆறுல ஒரு பங்க மாதிரி ரெண்டு மடங்குதானே.

மேல கூட்டல் இருந்தா மட்டும் கவனம். (எக்ஸ் + 2)/6 ÷ 2/3ன்னா (எக்ஸ் + 2)/6 × 3/2 = (எக்ஸ் + 2)/4. இங்க நிறுத்திரணும். உள்ள இருக்கிற 2ஐயும் கீழ இருக்கிற 4ஐயும் அடிக்கக் கை துறுதுறுக்கும், அடிக்கக் கூடாது, அடைப்புக்குறிக்குள்ள இருக்கிறது மொத்தமும் ஒரே ஆளு. மொதல் கணக்குல எக்ஸ் மட்டும் 0ஆ இருக்கக் கூடாது, ஏன்னு பூஜ்யம் பத்தின பதில்லயே இருக்கு.